ஒண்ணும் போகாது

கம்ப்யூட்டர் திரையில் கடைசிக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது முன்னறையில் சோபாவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா, மெதுவா. நிலையில இடிக்குது பாரு" என்று அண்ணன் சொல்வது கேட்டது.

சோபாவை எடுத்தால்தான் அப்பாவைக் கிடத்த இடம் வரும். காலை ஒன்பதரைக்கு, அம்மா அவருடைய டம்ளரைக் கழுவப் போயிருந்த இரண்டு நிமிடத்தில், உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி போயிருந்தார். இப்போது பதினொன்று இருபது. நாலு மணிக்கு வண்டி வரும். பன்னிரண்டுக்குள் படம் வந்தால்தான் சட்டம் போட்டுத் தர முடியும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார்.

படம் பழைய கேமராவின் மெமரி கார்டில் இருந்தது. ஃபோனில் இருந்த படங்களிலெல்லாம் அப்பாவின் கழுத்தில் துணி கட்டியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போட்டிருந்தார்கள். அதை மூடிய துணி. "துணி இல்லாத படம்தான் வைக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். காலையிலிருந்து அம்மா சொன்ன ஒரே முழு வாக்கியம் அது. கேமரா கார்டை அப்பாவின் கம்ப்யூட்டரில் செருகினால், டிஸ்கில் இடமில்லை என்றது. ஒரு படத்துக்குக்கூட இடமில்லை. டிரைவின் பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்பாக இருந்தது.

இது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்தில் ஆறு வருடமாக நாலாம் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கிளை அலுவலகங்களிலிருந்து நாளைக்கு நாற்பது பேர் கூப்பிட்டால், அதில் பத்துப் பேராவது "இடமில்லைங்குது" என்பார்கள். அவளிடம் வாக்கியம் தயாராக இருக்கும். "டெம்பரரி ஃபைல்ஸ்தான் சார். மிஷின் தானா சேர்த்து வச்சுக்கற குப்பை. எல்லாத்தையும் டிக் பண்ணி அழிச்சிடுங்க. ஒண்ணும் போகாது." மறுமுனையில் தயங்குவார்கள். நிச்சயமா என்பார்கள். "ஒண்ணும் போகாது சார்" என்று இரண்டாவது முறை சற்று மெதுவாகச் சொல்ல வேண்டும். பயிற்சியில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளே கண்டுபிடித்தது.

பட்டியலில் டெம்பரரி ஃபைல்ஸ் முப்பத்தொரு ஜிபி என்றிருந்தது. இவ்வளவா என்று ஒரு கணம் பார்த்தாள். சேர்ந்திருக்கும். அப்பா எந்தக் காலத்தில் அந்த மிஷினை முறையாக அணைத்தார்? முப்பத்து மூன்று வருடம் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்தால் மெயினை ஆஃப் பண்ணு என்பதுதான் அவருடைய வேதம். டிவி, இஸ்திரிப் பெட்டி, கம்ப்யூட்டர், எதுவானாலும் சுவர் சுவிட்சில்தான் அணைப்பார். "ஷட் டவுன்னு ஒண்ணு இருக்குப்பா" என்று அவள் சொன்னால், "மெயினை ஆஃப் பண்ணாம லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினவன் ஒருத்தனை உயிரோட காட்டு, அப்புறம் ஷட் டவுன் பண்றேன்" என்பார்.

நிரந்தரமாக அழிக்கவா என்று மிஷின் கேட்டது. ஆம் என்று அமுக்கினாள்.

அண்ணன் சட்டைக் கையை மடித்தபடி எட்டிப் பார்த்தான். "ஆச்சா?"

"ரெண்டு நிமிஷம். இடம் பண்ணிட்டிருக்கேன்."

"நாங்களும் அதைத்தான் பண்ணிட்டிருக்கோம்" என்றுவிட்டுப் போனான்.

சிவப்புப் பட்டை சுருங்கி நீலமானது. படம் வந்தது. லிஃப்டின் மிஷின் ரூமில், பெரிய மோட்டார்ச் சக்கரத்தின் முன்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல அப்பா நின்றிருந்தார். கழுத்து முழுதாக இருந்தது. அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டார்.

"படம் நல்லா இருக்கும்மா. பின்னாடி என்னமோ சக்கரம் எல்லாம் தெரியுது. அதை எடுத்துட்டு வானம் வச்சிடட்டுமா?"

"சக்கரம் இருக்கட்டும்."

"சரி. கண்ணாடியில ஃப்ளாஷ் அடிச்சிருக்கு. கண்ணாடியை எடுத்துட்டா முகம் பளிச்சுனு இருக்கும்."

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள். அம்மா முன்னறையில், அப்பாவின் கால் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணாடி இல்லைன்னா வந்திருக்கறது யாருன்னு அவருக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

அவள் அதை அப்படியே ஸ்டூடியோக்காரரிடம் சொன்னாள். "சரிம்மா. ஃப்ளாஷை மட்டும் எடுத்துடறேன்" என்றார்.

ஒரு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. அப்பாவின் அக்கா வந்து, தம்பியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, ஐந்து நிமிடம் அழுதுவிட்டு, எழுந்து நாற்காலிகளை வரிசை மாற்றிப் போட ஆரம்பித்தாள். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுச் சாமான்கள் தப்பான இடத்தில் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். பின்னாலேயே மூட்டை மாமா வந்தார். அப்பாவுடன் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். புது லிஃப்டில் எடை சோதனைக்கு மணல் மூட்டைகள் ஏற்ற வேண்டும். "எதுக்குச் செலவு, இவனை நாலு தரம் ஏத்தி இறக்கு" என்று அப்பா ஒருநாள் சொல்ல, அன்றிலிருந்து அந்தப் பெயர் நின்றுவிட்டது. மூட்டை மாமா தலைமாட்டில் நின்று, மூச்சு வாங்கியபடி, பேசாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடிக்கு லிஃப்டில் வராமல் படியேறி வந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவளுடைய ஃபோன் அடித்தபடி இருந்தது. ஒரு தடவை எடுத்து, "வணக்கம், உதவி மையம், சொல்லுங்க" என்றாள். மறுமுனையில் யாரோ சொந்தக்காரர் திகைத்து நின்றார்.

ஒன்றரை மணி சுமாருக்கு அம்மா கைகாட்டிக் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அவர் பேசினதைப் போடேன்."

"எதைம்மா?"

"அந்தப் பெட்டியில பேசி வச்சிருக்காரே, அது. வண்டி வர்றதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடலாம். அத்தையும் கேக்கட்டும்."

அலமாரியில் இருக்கும் போர்வையை எடுத்துவரச் சொல்வதுபோல அம்மா சொன்னாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இருப்பது வேறு ஊரில். ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்தில் ஃபோன் பண்ணும்போது, "கம்ப்யூட்டர்ல ஏதோ பேசிட்டிருக்கார்" என்று அம்மா ஓரிரு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. யாருடனோ வீடியோவில் பேசுகிறார் என்று நினைத்திருந்தாள்.

"பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லுச்சு" என்றாள் அம்மா. "குரல் இருக்கும்போதே பேசி வச்சிக்குங்க, அப்புறம் பட்டனைத் தட்டினா உங்க குரல்லயே வரும்னு. ஒரு மாசம். காலையில அஞ்சரைக்கு எழுந்து போய்க் கதவைச் சாத்திப்பார். நான் டீ கொண்டுபோனா கையை ஆட்டுவார், வச்சிட்டுப் போன்னு."

"எங்க சேவ் பண்ணினார்? ஏதாவது சொன்னாரா?"

"அதெல்லாம் நான் என்னத்தைக் கண்டேன். முடிஞ்சதும் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வருவார். மறுநாள் போட்டா அதுவே கேக்குமாம்."

"என்ன கேக்கும்?"

"நேத்து விட்டதை எடுத்துத் தரவான்னு. ஆமான்னு அமுக்கினா முதல் நாள்லேர்ந்து எல்லாம் வந்து வரிசையா நிக்குமாம். 'என்னைவிட இதுக்கு ஞாபகம் ஜாஸ்தி'ன்னு சிரிச்சார். ஒரு நாள்கூடத் தவறாம கேட்டுதாம். நல்ல மிஷின்."

அவள் அம்மாவின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபோனில் கூப்பிடுகிறவர்களுக்கு இதை அவள் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். சேமிக்காமல் மின்சாரம் போய்விட்டால், பாதி வேலையை மிஷின் ஒரு மூலையில் போட்டு வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை திறக்கும்போது, வேண்டுமா என்று கேட்கும். எப்போதாவது நடக்கும் விபத்துக்காக வைத்த ஏற்பாடு. அப்பா அதைத் தினசரி வழக்கமாக்கியிருந்தார். சேமிக்கவே இல்லை. தினமும் பேசி, தினமும் மெயினை அணைத்து, தினமும் விபத்து. தினமும் மிஷின் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஒரு மாதப் பேச்சும் அந்த மூலையில்தான் இருந்திருக்கும். அந்த மூலையின் பெயர் டெம்பரரி.

"பாக்கறேன்ம்மா" என்றாள்.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துவைக்கும் மிஷினும் கம்ப்யூட்டர் மேசையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அறை. மேசையில் ஒரு சின்ன மைக், அதன் தலையில் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது. காலையில் அதைப் பார்த்து, தூசிக்காக என்று நினைத்திருந்தாள். பேசும்போது மூச்சு மைக்கில் அடிக்காமல் இருக்க மாட்டியது.

திரையில் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். காலி. ஒலிக் கோப்புகளை எல்லாம் தேடச் சொன்னாள். மிஷினோடு வந்த மணியோசைகள் பதினேழு கிடைத்தன. பதிவு செய்யும் புரோகிராமைத் திறந்தாள். வெறும் சாம்பல் நிறச் சன்னல் வந்து நின்றது. எதையும் கேட்கவில்லை. மூடித் திறந்தாள். கேட்கவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. காலையில் பார்த்த நீலப் பட்டை, நிறைய இடம் இருக்கிறது என்றது.

அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். ஏழாம் சீட்டுக்காரன் எடுத்தான். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடாத இடம் அது.

"என்ன நாலு, லீவுல போயும் எங்களை விட மாட்டியா. அப்பா எப்படி இருக்கார்?"

"காலையில போயிட்டார்."

பின்னால் ஹாலில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருப்பது கேட்டது.

"ஒரு சந்தேகம்" என்றாள். "டெம்பரரி ஃபைல்ஸை அழிச்சிட்டா திருப்பி எடுக்க முடியுமா?"

"எதுக்கு? அதுல ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "என்ன இருந்துச்சு?"

"பேச்சு. அவர் பேசினது."

"என்ன டிஸ்க்? சுத்தற டிஸ்கா, புதுசா?"

"புதுசு. சின்னது. வேகமா இருக்கும்னு நான்தான் ரெண்டு வருஷம் முன்னாடி மாத்திக் குடுத்தேன்."

"பழசா இருந்தா ஏதாவது பண்ணிப் பாக்கலாம். இது அழிச்ச உடனே உள்ளுக்குள்ள தானே துடைச்சிக்கும்." கொஞ்சம் யோசித்தான். "எதுக்கும் மிஷினை அணைச்சு வை. யாரும் தொட வேண்டாம். ஷட் டவுன் கூடப் பண்ணாதே, அப்பவும் எதையாவது எழுதும். நேரா சுவிட்சை ஆஃப் பண்ணிடு. நான் ஒருத்தரைக் கேட்டுச் சொல்றேன். ஆனா நாலு, நான் நம்பிக்கை குடுக்கலை."

"தெரியும்" என்றாள்.

சுவிட்ச் மேசைக்கு அடியில் இருந்தது. குனிந்து கையை வைத்தாள். இருபது வருடமாக அப்பாவை இதைச் செய்யாதே என்று சொன்ன கை. வைத்த கை அங்கேயே நின்றது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவோ பாக்கி இருக்கிறது என்றும், ஓட ஓட மிச்சமும் போகிறது என்றும், இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின. எது சரியென்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கையை எடுத்துக்கொண்டாள்.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குரல் இழுப்பறையில் இருக்காது. இரண்டு டெஸ்டர், ஒரு பியூஸ் கம்பிச் சுருள், காலாவதியான லைசென்ஸ். அடியில் நாலு தாள்கள் பின் போட்டு இருந்தன.

பயிற்சிக்காரப் பெண் கொடுத்த பட்டியல். இருநூறு வாக்கியங்கள் அச்சில் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்பா பென்சிலால் திருத்தி, பேசி முடித்ததற்கு டிக் போட்டிருந்தார். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதை அடித்துவிட்டு 'தண்ணி' என்று எழுதியிருந்தார். 'தயவுசெய்து மின்விசிறியை நிறுத்தவும்' என்பது 'ஃபேனை ஆஃப் பண்ணு, சுவர்ல' என்று ஆகியிருந்தது. எண்பத்தெட்டாவது, 'எனக்கு இதில் உடன்பாடு இல்லை.' பக்கத்தில், 'போடா.' அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அச்சு இருநூறில் முடிந்தது. அதற்குக் கீழே அப்பாவே எண் போட்டுத் தொடர்ந்திருந்தார். வாக்கியம் இல்லை, யாருக்கு என்பது மட்டும். 201, மூட்டைக்கு. 202, அக்கா ஃபோன் பண்ணினா. இப்படியே போய், 209 முதல் 213 வரை ஐந்து எண்களுக்கு எதிரே ஒரே சொல்: 'இவளுக்கு.' 214, பெரியவன். 215, சின்னவ.

எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. 215க்கும் இருந்தது. ஆனால் அந்த டிக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தது.

கதவு திறந்தது. அண்ணன். "அம்மா கேக்கறா, கிடைச்சுதான்னு. அத்தை எல்லாரையும் பேசாம இருங்கன்னு அதட்டி வச்சிருக்கு, நீ போடப் போறேன்னு."

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், அலுவலகத்தில் மேலதிகாரியிடம் பிழையைச் சொல்வதுபோல, வரிசையாகச் சொன்னாள். அண்ணன் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். மருத்துவரின் கிறுக்கலைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தொண்ணு ஜிபின்னா எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு மணி நேரம் இருக்கலாம். சரியா சொல்ல முடியாது."

"அப்பா மொத்தமாவே என்கிட்ட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்" என்றான். துவைக்கும் மிஷின் மேல் சாய்ந்துகொண்டான். "மைக்கை ஒழுங்கா மாட்டியிருந்தாரோ என்னவோ. ஒண்ணுமே பதிவாகாமகூட இருந்திருக்கலாம்."

"அப்படித் தோணுதா?"

"இல்ல."

தாள்களை அவனிடம் நீட்டினாள். நின்றபடியே படித்தான். எண்பத்தெட்டில் அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் நின்றான்.

"என்னுது ஃபுல் டிக்" என்றான். "உன்னுதை ரிஜெக்ட் பண்ணிட்டார் பாரு."

"பேசிட்டு வேண்டாம்னு அழிச்சாரா, இல்ல மறுபடி பேசலாம்னு அடிச்சாரா?"

"என்னைக் கேட்டா?" என்றான். பிறகு இருவருக்கும் எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல், தோள் குலுங்க, துவைக்கும் மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தை கதவிடுக்கில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அழுகிறார்கள் என்று நினைத்து, சாத்திவிட்டுப் போனாள்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதே. மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. பழசுதானே, நம்புவா."

"நல்ல மிஷின்னு அம்மா சொன்னா."

"அதனால என்ன. நல்லதெல்லாம் கெட்டுப்போறதில்லையா" என்றுவிட்டு, தாள்களை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

வெளியே வந்தபோது மூட்டை மாமா நடையில் காத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு அது பழக்கமில்லாததால் தாழ்ந்த குரலும் உரக்கவே வந்தது.

"பொண்ணே, எனக்குன்னு ஒண்ணு இருக்குமே. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் பண்ணினான். இருநூறு வாக்கியம் குடுத்திருக்காங்க, அதுல ஒரு கெட்ட வார்த்தை இல்ல, இதை வச்சிக்கிட்டு உன்கிட்ட எப்படிடா பேசறதுன்னான். தனியா பேசி வச்சிருக்கேன்னான். அதை எல்லார் முன்னாடியும் போட்டுடாதே. எனக்கு மட்டும் அப்புறமா."

"ஆபரேஷனுக்கு அப்புறம் அதை ஏன் மாமா அவர் போடவே இல்ல? சிலேட்லயேதான் எழுதிட்டிருந்தார்."

"நானும் கேட்டேன். 'அது வேற ஆளு'ன்னு எழுதிக் காட்டினான். அழிச்சிட்டு, 'அவன் நல்லா பேசறான், எனக்குப் பொறாமையா இருக்கு'ன்னு எழுதினான்." மாமா புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சேன்."

"201" என்றாள் அவள்.

"என்னது?"

"உங்க நம்பர் மாமா."

அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

முன்னறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அத்தை, "சத்தம் போடாதீங்க" என்று, யாரும் சத்தம் போடாதபோதே சொன்னாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தேடிட்டிருக்கேன்ம்மா" என்றாள். "கொஞ்சம் நேரமாகும்."

அம்மா தலையசைத்து, அப்பாவின் போர்வை நுனியை இழுத்துவிட்டாள். ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தது. சக்கரம் இருந்தது. கண்ணாடி இருந்தது. ஃப்ளாஷை எடுக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் புதிதாக ஏதோ செய்திருந்தார்கள். அப்பா யாரையோ அடையாளம் கண்டுகொண்டவர்போல இருந்தார். நல்ல படம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. லிஃப்டுக்குள் நீட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. மூட்டை மாமா சாவியோடு வந்து உள்ளே ஒரு பலகையைக் கழற்ற, பின்சுவர் ஒரு முழம் உள்வாங்கியது. "இதுக்குன்னே வச்சிருக்கறது. மாட்டினவன் அவன்தான்" என்றார். லிஃப்ட் இறங்கும் சத்தம் கீழே போய் நிற்கும்வரை அம்மா வாசலில் நின்றாள்.

ஆறு மணிக்கு அவளும் அண்ணனும் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது சோபா பழைய இடத்துக்கு வந்திருந்தது, ஆனால் திசை மாறி, சன்னலைப் பார்த்து. அத்தையின் வேலை. அத்தை அதிலேயே தூங்கிப்போயிருந்தாள். அண்ணன் வாடகை நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான். அம்மாவைக் காணோம் என்று அவள் உள்ளே போனாள்.

அம்மா பின்னறையில், மேசைக்கு முன்னால், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் சாம்பல் நிறச் சன்னல் அப்படியே இருந்தது. அம்மா எதையும் தொடவில்லை. கை இரண்டும் மடியில் இருந்தன.

"இதானா?"

"இதாம்மா."

"ஒண்ணும் காணோமே."

அண்ணன் சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கில் இருந்தது. மிஷின் கெட்டுப்போச்சும்மா. இரண்டாவது முறை சற்று மெதுவாகச் சொன்னால் நம்புவாள். எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

"நான் அழிச்சிட்டேன்ம்மா" என்றாள். "காலையில. படத்துக்கு இடம் வேணும்னு குப்பையை அழிச்சேன். அவர் பேசினதும் அதுலதான் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது."

அம்மா திரும்பவில்லை. "எல்லாமா?"

"எல்லாம்."

"அந்தப் படத்துக்கு எவ்வளவு இடம் வேணும்?"

"கொஞ்சம்தான்."

"ம்" என்றாள் அம்மா.

அவள் பைக்குள்ளிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். அம்மா கடைசிப் பக்கத்துக்குப் போக வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். எண்பத்தெட்டில் நிற்காமல் போனாள். 'இவளுக்கு' என்ற சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது. ஒன்று, இரண்டு என்று கீழே இறங்கி ஐந்தில் நின்று, மறுபடி மேலே போனது.

"ஆபீஸ்ல ஏழாம் சீட்டுக்காரர் யாரையோ கேட்டுச் சொல்றேன்னிருக்கார். ஆனா..." என்றாள் அவள்.

"இதைத் திறந்ததும் கேட்டுதா?" என்றாள் அம்மா. "நேத்து விட்டதைத் தரவான்னு?"

"கேக்கலைம்மா."

"எத்தனை தடவை திறந்தே?"

"நாலஞ்சு தடவை."

"சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத் திறந்தியா?"

"இல்ல."

"அதான்" என்றாள் அம்மா. "அவர் ஆஃப் பண்ணிட்டு வந்துடுவார். மறுநாள் வரைக்கும் அப்படியே கிடக்கும். காலையில போட்டாத்தான் அது கேக்கும்."

அம்மா தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். திரையின் வெளிச்சத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அப்படி இல்லம்மா என்று ஆரம்பிக்கும் விளக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. தினமும் சொல்லும் விளக்கம்.

அம்மா ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சுவிட்ச் எங்கே என்று தேடவில்லை. டக்கென்று ஒரு சத்தம். திரை கறுத்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி இறங்கி நின்றது.

"அஞ்சரைக்கு என்னை எழுப்பு" என்றாள் அம்மா.

பெட்டியின் முன்பக்கம் இருந்த சின்னப் பச்சை விளக்கு மட்டும் உடனே அணையவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தில் அது சில நொடிகள் நிற்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.